செமஸ்டர் நெருங்குகிறது, பின்னல் ஊசியைக் கீழே வைக்க மனசில்லை

திருப்பூர் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருப்பூர், இப்போது ஊட்டியில் ஹாஸ்டலில் தங்கி பார்மசி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே பெரும்பாலும் அம்மாக்களும் அக்காக்களும் எழுதுகிறீர்கள், நான் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் சேர்ந்துவிட்டன.

போன குளிரில், தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் விடிகாலையில் புல்வெளி உறைபனி பிடித்து வெள்ளையாகக் கிடக்குமே, அந்தச் சமயத்தில் எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் அக்கா வேலை முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து மகளுக்குக் குல்லா பின்னுவார். அவரிடம்தான் நிட், பர்ல் என்று பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகளையும் (ஊசியில் போடும் நூல் வளையங்கள்) கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து விடவில்லை. ராத்திரி புத்தகத்தை மூடினாலும் மருந்துப் பெயரும் அளவும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், படுத்தால் தூக்கம் வராது, போனை எடுத்தால் ஒரு மணி நேரம் போன இடம் தெரியாது, கடைசியில் படபடப்புதான் கூடும். ஊசி எடுத்தால் அப்படி இல்லை. நாலைந்து வரிசை போவதற்குள் மூச்சு சீராகிவிடுகிறது, இறுக்கிப் பிடித்திருந்த தோள்பட்டை தானாக இறங்குகிறது. அதோடு, நாள் முழுக்கப் படித்தாலும் எவ்வளவு முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, பின்னியது மட்டும் விரல் நீளம், சாண் நீளம் என்று கண் முன்னால் வளர்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது சந்தேகங்கள். செமஸ்டர் நெருங்குகிறது. இது எனக்கு ஓய்வா, படிப்பிலிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த வழியா என்று தெரியவில்லை. பரீட்சை முடியும்வரை ஊசியை எடுத்து வைத்துவிட வேண்டுமா, அல்லது அளவோடு வைத்துக்கொள்ளலாமா? அடுத்தது, அப்பாவுக்கு ஒரு மஃப்ளர் ஆரம்பித்திருக்கிறேன், ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், அக்கா சொன்னபடியேதான் போகிறது, ஆனால் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு குழாய் மாதிரி நிற்கிறது. அப்புறம், நிஜமான ஆட்டுக் கம்பளி நூல் மலையில் எங்காவது கிடைக்குமா? கடையில் எதைக் கேட்டாலும் உல்லன் என்றுதான் தருகிறார்கள்.

ஹாஸ்டலில் சிலர் இது பெண்கள் வேலை என்று சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் அப்பா என்ன நினைப்பார் என்று மட்டும் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அவர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார்.

குன்னூர் கமலம்:

தம்பி, முதலில் மஃப்ளரைப் பார்த்துவிடுவோம், அதுதான் சுலபம்.

உன் நூலிலும் தப்பில்லை, கையிலும் தப்பில்லை. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் ஒரு பக்கம் முழுக்க வழவழப்பாகவும் மறுபக்கம் முழுக்க மேடு மேடாகவும் வரும். முன்பக்கத்துக் கண்ணிக்கும் பின்பக்கத்துக் கண்ணிக்கும் இழுவிசை ஒன்றாக இருக்காது, அதனால் பக்கவாட்டு ஓரங்கள் பின்னால் மடங்கும், மேல் கீழ் ஓரங்கள் முன்னால் மடங்கும். இது அந்தப் பின்னலின் குணம். உங்கள் ஊரில் சிங்கிள் ஜெர்சி என்கிறார்களே, டீ-ஷர்ட் துணி, அதுவும் இதே பின்னல்தான், எந்திரம் மெல்லிய நூலில் போடுகிறது, நீ கையால் தடித்த நூலில் போடுகிறாய். பழைய டீ-ஷர்ட் ஒன்றை நடுவில் வெட்டி இழுத்துப் பார், வெட்டின ஓரம் சட்டென்று சுருண்டுகொள்ளும். அப்பாவிடம் கேட்டால் அவரே சொல்வார். பனியன் கழுத்துக்கு ரிப் துணி வைப்பதும் இந்தக் காரணம் கொண்டுதான், ரிப் என்றால் ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி வருவது, அது சுருளாது, இழுத்தால் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஆக, மஃப்ளருக்கு ரிப் போடு. நான் சொல்லித்தரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு இது: டபுள் நிட்டிங் கனத்தில் (ரொம்ப மெல்லிசும் இல்லை, ரொம்பத் தடிப்பும் இல்லை) நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, 46 கண்ணி. இரண்டு நிட், இரண்டு பர்ல், இப்படியே போய் கடைசியில் இரண்டு நிட்டில் முடியும். திரும்பி வரும்போது இரண்டு பர்லில் ஆரம்பித்து, எதிரே நிட்டாகத் தெரிவதை நிட்டாகவும் பர்லாகத் தெரிவதை பர்லாகவும் போட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். 46 எதற்கென்றால், நாலின் மடங்கு 44, அதோடு இரண்டு கூட்டினால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி அமையும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 200 கிராம் நூல் ஒதுக்கிவை, ஒரே தடவையில் வாங்கு, லேபிளில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார், பிறகு போய் வாங்கினால் அதே நீலம் வேறு நீலமாக இருக்கும்.

ரிப்பில் எண்ண வேண்டியிருக்கிறது, அது இப்போது வேண்டாம் என்றால் எல்லா வரிசையும் நிட் மட்டும் போடு. கார்ட்டர் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மேடு மேடாக வரும், தட்டையாகக் கிடக்கும், சுருளவே சுருளாது. இதுவரை பின்னியதைப் பிரிக்க மனசு வராவிட்டால் அதை ஒரு குஷன் உறைக்கு வைத்துக்கொள், தைத்துவிட்டால் ஓரம் உள்ளே போய்விடும். ஆவி பிடித்து அழுத்தினால் சுருள் போகும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி உட்காராதே, கொஞ்ச நாளில் திரும்ப வரும். அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கவே கூடாது, உருகிப் பளபளவென்று செத்துப்போகும்.

இன்னொன்று. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் தடுக்கும் இடம் ஊசி நம்பர். நம் கடைகளில் கிடைக்கும் ஊசியில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இருக்கும், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் 8 என்றால் 5 மில்லிமீட்டர், அங்கே நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் கேட்டு வாங்கு.

ஆண் பிள்ளை பின்னுவதைப் பற்றி நான் என்ன சொல்ல, என்னிடம் கற்க வருகிறவர்களில் ரிட்டையர் ஆன ராணுவக்காரர் ஒருவரும் உண்டு, வெலிங்டன் பக்கம் வீடு, அவர் போடும் சாக்ஸ் குதிகால் மாதிரி எனக்கே வராது.

கோத்தகிரி நர்சிங் டீச்சர்:

நான் நர்சிங் பிள்ளைகளுக்கு மனநலப் பாடம் எடுக்கிறேன், அதனால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

ஊசியை எடுத்து வைக்க வேண்டாம். படபடப்பு வரும்போது மனசு ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும். அப்போது "யோசிக்காதே" என்று அதற்குச் சொல்லிப் பயனில்லை, அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், அந்த வேலை முழு மூளையையும் பிடுங்கிக்கொள்ளாத அளவுக்குச் சின்னதாகவும், கவனம் அலைந்தால் உடனே தெரிகிற மாதிரியும் இருக்க வேண்டும். பின்னலில் இரண்டும் இருக்கிறது. இரண்டு கையும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன, விரலுக்கு நூலின் தொடுகை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. முக்கியமாக, இரண்டு கையும் நிறைந்திருப்பதால் போன் கைக்கு வருவதில்லை. படுப்பதற்கு முன்னால் இதைவிட நல்ல பழக்கம் மாணவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) இதழ் ஒன்றில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. இணையம் வழியாக 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களிடம் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் தாங்கள் அமைதியாகவும் சந்தோஷமாகவும் உணர்வதாகக் கூடுதலாகச் சொன்னார்கள், குழுவாகச் சேர்ந்து பின்னுகிறவர்களிடமும் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள், தங்கள் நிலையைத் தாங்களே சொன்னவர்கள். அதனால் இது மருந்து என்று நிரூபணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நீங்களும் பார்மசி படிக்கிறீர்கள், இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும். உங்கள் உடம்பு உங்களுக்குச் சொல்வதை நம்பினால் போதும்.

ஓய்வா தப்பித்தலா என்பதைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்பேன். ஊசியைக் கீழே வைத்த பிறகு புத்தகத்தைத் திறக்க முன்பைவிடச் சுலபமாக இருக்கிறதா, கஷ்டமாக இருக்கிறதா? சுலபமாக இருந்தால் அது ஓய்வு. திறக்கவே பிடிக்காமல் "இந்த வரிசை முடியட்டும், இந்தப் பந்து முடியட்டும்" என்று போய்க்கொண்டே இருந்தால், எந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட பாடம்தான் பயமுறுத்திக்கொண்டிருக்கும், அதை யாரிடமாவது உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டால் பாதிப் பாரம் போய்விடும். நேரத்தைக் கடிகாரத்தால் அளக்காமல் நூலால் அளந்துகொள்ளுங்கள். உட்காரும்போதே இத்தனை வரிசை என்று தீர்மானித்து, ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி அடையாளம் வைத்துவிடுங்கள்.

பரீட்சைக் காலத்தில் புது டிசைன் எடுக்காதீர்கள். கேபிள், லேஸ், வரைபடம் பார்த்துப் போடும் வேலை எல்லாம் லீவுக்கு. அவை அழகு, அவற்றில் கிடைக்கும் சந்தோஷமும் வேறு, ஆனால் தப்பினால் கோபம் வரும், அந்தக் கோபத்தோடு போய்ப் படுக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு கண் பார்க்காமல் கை மட்டும் போடுகிற கார்ட்டர்தான் சரி.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கு மட்டும் அல்ல, படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். தூக்கமின்மை வாரக் கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, எதிலுமே பிடிப்பில்லை என்று தோன்றினாலோ பின்னல் மட்டும் போதாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கூப்பிட யாரும் தயங்க வேண்டியதில்லை.

பூம்பாறைக்காரன்:

கம்பளி நூல் பற்றிக் கேட்டதால் கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தம்பி, கடையில் உல்லன் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான், கடைக்காரரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, மலையில் தடித்த நூலுக்கெல்லாம் அதுதான் பெயராகிப்போனது. லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாவிட்டால் சின்னத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு ரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பாகக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இதனால்தான் கணப்பு அடுப்புப் பக்கத்திலும் ரூம் ஹீட்டர் பக்கத்திலும் அக்ரிலிக் சால்வையோடு உட்காரக் கூடாது என்று எங்கள் வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவேன்.

ஆட்டைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பக்கத்திலேயே சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரிச் செம்மறி என்று ஓர் இனம், வரையாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது காட்டு விலங்கு. இந்தச் செம்மறி 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்று சீமை ஆடுகளைச் சேர்த்து வந்தது, மெல்லிய ரோமம், தென்னாட்டில் இப்படி உடுத்தத் தகுந்த மென்மையான ரோமம் கொடுக்கும் ஆடு அபூர்வம். எங்கள் பக்கம் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது, தலைமை இடம் ராஜஸ்தானில் அவிகாநகர். இங்கே பாரத் மெரினோ என்ற செம்மறி இனத்தை வளர்க்கிறார்கள். கொடைக்கானலிலிருந்து எங்கள் பூம்பாறை தாண்டி வந்தால் புல்வெளிச் சரிவில் மேய்ந்துகொண்டிருக்கும், சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அந்த ரோமத்தில் ஸ்வெட்டர் போடலாம் என்று நினைக்கிறவர்கள் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆடு இருக்கிறது, குளிர் இருக்கிறது, பின்னும் கைகளும் இருக்கின்றன, நடுவில் வெட்டிய ரோமத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போக அலசி, சிக்கெடுத்துச் சீவி, நூற்று முறுக்கிக் கடை வரைக்கும் கொண்டுவரும் வேலைதான் சின்ன அளவில் நடப்பதில்லை. அதனால் இப்போதைக்கு நல்ல மெரினோ நூல் வேண்டுமென்றால் ஆன்லைனில் வாங்குவதுதான் வழி.

ஆனால் உங்களுக்கு அக்ரிலிக்கே சரி என்பேன். ஆட்டுக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்வாங்கும், அப்போதும் கதகதப்பு இருக்கும், அந்தச் சிறப்பு அக்ரிலிக்கில் கிடையாது. ஆனால் ஹாஸ்டலில் வாளியில் வெந்நீர் ஊற்றித் துவைத்தால் கம்பளி சுருங்கி அட்டையாகிவிடும், ஊட்டி மழையில் காய்வதற்கும் நாளாகும், பெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சி அரிக்கும். அக்ரிலிக்குக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அப்பா திருப்பூரில் இருக்கிறார், அங்கே மார்கழியில் விடிகாலை ஷிப்டுக்குப் போகும்போது கழுத்தில் சுற்ற அதுவே தாராளம்.

பெண்கள் வேலை என்ற பேச்சுக்கு: நம் ஊரில் தறியில் உட்கார்ந்தவர்கள், டெய்லர் கடை வைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே. ஐரோப்பாவிலும் பழைய நாட்களில் பின்னல்காரர் சங்கங்களில் ஆண்கள்தான் இருந்தார்கள், காலுறை பின்னும் முதல் எந்திரத்தை 1589-ல் செய்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர். அந்த எந்திரத்தின் வழிவந்ததைத்தான் உங்கள் அப்பா ஓட்டுகிறார். மகன் கையால் கண்ணி போடுகிறான் என்று தெரிந்தால் அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்ள யாரால் முடியும்? பயப்படாமல் சொல்லுங்கள்.

பிரையண்ட் பார்க்:

கொடைக்கானலில் எம்.ஏ. படிக்கிறேன். நர்சிங் டீச்சர் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு, ஒன்றில் மட்டும் இல்லை. இத்தனை வரிசை என்று குறி வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை மேடம். நாள் பூராவும் எங்களுக்கு எல்லாமே இலக்குதான், இத்தனை பக்கம், இத்தனை மார்க், இத்தனை சதவீதம் வருகைப் பதிவு. பின்னலிலும் இலக்கு வைத்தால் அதுவும் இன்னொரு பாடமாகிவிடுகிறது. நான் ஒரே ஒரு சின்னச் சதுரம் வைத்திருக்கிறேன், அது எதுவாகவும் ஆகப்போவதில்லை, யாருக்கும் கொடுக்கப்போவதில்லை, பரீட்சை சமயத்தில் அதை மட்டும் போடுவேன், பெரிதானால் பிரித்துப் பந்தாக்கி மறுபடி ஆரம்பிப்பேன். பிரிக்கும்போதுகூட மனசுக்கு நன்றாக இருக்கிறது. பின்னலில் எதுவும் வீணாவதில்லை, நூல் அப்படியே கைக்குத் திரும்பி வருகிறது, பரீட்சைத் தாளில் அப்படிக் கிடைக்காது. அப்பாவுக்கான மஃப்ளர் அன்புக்காகப் போடுவது, அதற்குத் தேதியும் அவசரமும் சேர்ந்துவிட்டால் அதுவே ஒரு பாரம், அதை லீவில் போடலாம் என்பது என் யோசனை.

அப்புறம் ஹாஸ்டலில் தனியாகப் போடாதீர்கள். எங்கள் தளத்தில் ஒருத்தி ஆரம்பித்து இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ரூமே நிறைகிறது. பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கை ஓடிக்கொண்டிருப்பதால் பேசாமல் இருந்தாலும் சங்கடமாக இல்லை, வீட்டுக் கஷ்டத்தை முகம் பார்த்துச் சொல்ல முடியாதவர்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மேற்படிப்பில் கிடைத்த நல்ல தோழிகள் அந்த ரூமில் கிடைத்தவர்கள்தான். உங்களைக் கேலி செய்பவர்களில் ஒருவரிடமாவது ஒரு ஜோடி ஊசியை நீட்டிப் பாருங்கள்.

பாடத்தோடு சேர்த்துப் பின்னலாமா என்று யாராவது கேட்பார்கள். பதிவு செய்த வகுப்பைக் காதில் கேட்கும்போது கார்ட்டர் ஓடும், எனக்குக் கவனம் கூடத்தான் செய்கிறது. வாசிக்கும்போதும் எழுதிப் பார்க்கும்போதும் முடியாது, அங்கே கையும் கண்ணும் வேண்டும். பஸ்ஸில் போடுவதாக இருந்தால் வட்ட ஊசி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு முனையும் ஒரே வயரில் இருப்பதால் கீழே விழாது, பக்கத்து சீட்டுக்காரர் மேல் முழங்கை இடிக்காது, கனமும் மடியில் உட்கார்ந்துகொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் மூடி வைத்துவிட வேண்டும், குனிந்து பார்த்தால் தலை சுற்றும்.

கோத்தகிரி நர்சிங் டீச்சர்:

பிரையண்ட் பார்க், நீங்கள் சொல்வது சரி. குறி வைப்பது நிறுத்தத் தெரியாதவர்களுக்கு. நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை. தம்பி, இரண்டையும் செய்து பார்த்து உங்களுக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரூம் பற்றி எழுதியதை என் மாணவிகளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.

திருப்பூர் தம்பி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. டீச்சர் கேட்ட கேள்வியை என்னையே கேட்டுப் பார்த்தேன். மற்ற பாடங்களில் ஊசி வைத்த பிறகு சுலபமாகத்தான் இருக்கிறது, பார்மகாலஜி மட்டும்தான் தள்ளிப்போகிறது. சீனியர் ஒருவரிடம் உட்காரப் பேசியிருக்கிறேன். குழாய் மஃப்ளரைப் பிரித்துவிட்டேன், ராத்திரிக்கு கார்ட்டர் சதுரம், ரிப் மஃப்ளர் லீவில்.

அப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன். முதலில் அவர் கேட்டதே "எத்தனை கேஜ்?" என்றுதான், பின்னல் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு அது. 4 மில்லிமீட்டர் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வருகிறது என்றேன், அது ரொம்ப லூஸ் துணி, துவைத்தால் நீளும், கழுத்தில் மாட்டாதே என்றார். அரை மணி நேரம் பின்னல் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் என்னிடம் பேசினதே இல்லை.

இரண்டு சின்னச் சந்தேகம். கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழே இறங்கிவிட்டால் முழுக்கப் பிரிக்காமல் எப்படி எடுப்பது? இன்னொன்று, குளிரில் ரொம்ப நேரம் போட்டால் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது.

குன்னூர் கமலம்:

நழுவின கண்ணிக்கு முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று வாங்கி வைத்துக்கொள், எந்நேரமும் பையில் இருக்கட்டும். நழுவியதைப் பார்த்ததும் துணியை இழுக்காதே, இழுத்தால் இன்னும் இறங்கும். அந்தக் கண்ணியில் குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் ஏணிப்படி நூலைக் கொக்கியில் மாட்டி கண்ணிக்குள் இழு, அடுத்த படி, அடுத்த படி என்று மேலே வந்து கடைசியில் பின்னல் ஊசியில் ஏற்றிவிடு. வழவழப்புப் பக்கம் உன்னைப் பார்த்திருக்கும்போது இது அப்படியே நடக்கும். கார்ட்டரில் ஒரு படி முன்பக்கமிருந்தும் அடுத்த படி பின்பக்கமிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் கோடாகத் தெரியும்.

பரீட்சைக்காக நிறுத்தி வைக்கப்போகிறாய் என்றால், வேறு நிறத்தில் மெல்லிய தையல் நூலை மொண்ணை ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிடு. எது நழுவினாலும் அந்த நூல் வரைக்கும்தான் நழுவும். வரிசை நடுவில் நிறுத்தாமல் முடித்து வை, பாதியில் விட்ட இடம் இழுபட்டு ஓட்டை மாதிரி தெரியும். ஊசி முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடு.

வலிக்கு: ஊசியை இறுக்கிப் பிடிக்கிறாய், புதிதாகப் பழகும் எல்லோருக்கும் அது உண்டு, நூல் இறுகினால் கை இறுகும். கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன்னால் வெந்நீரில் கை நனைத்துத் துடைத்துக்கொள், அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலை விரித்து மடக்கு, மணிக்கட்டைச் சுழற்று. அலுமினிய ஊசி குளிரில் ஐஸ் மாதிரி இருக்கும், மூங்கில் ஊசி கைக்கு இதமாக இருக்கும், கண்ணியும் அவ்வளவாக வழுக்காது. வலி மரத்துப்போவதாக மாறினாலோ ராத்திரியில் எழுப்பினாலோ டாக்டரிடம் காட்டு, அதோடு பின்னாதே.

அப்பா சொன்னது டீ-ஷர்ட்டுக்குச் சரி. ரிப் போடும்போது துணி தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், 4 மில்லிமீட்டரே இருக்கட்டும். அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் 3.75-ல் ஒரு சாண் போட்டுக் கொண்டுபோய்க் காட்டு, அவர் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்லட்டும்.